சிக்கனக் குறிப்புகளுக்கு ஓர் அளவுகோல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியாகும் வீட்டுச் சிக்கனக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை பயனுள்ளவையே; தவறு என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. ஆயினும் ஒரு குறை உறுத்துகிறது. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணையுங்கள், செல்பேசி சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், தேய்ந்த சோப்புத் துண்டைப் புதிய சோப்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், குளியலுக்கு வேண்டிய அளவு நீரை மட்டும் சூடாக்குங்கள் என்று எல்லாக் குறிப்புகளும் ஒரே எடையில், ஒரே எழுத்தளவில் அடுக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றைவிடப் பத்து மடங்கு, சில வேளைகளில் நூறு மடங்குகூட மிச்சம் தரும் என்பது படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் துளி எவ்வளவு பெரியது என்று அறியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கடைப்பிடிக்கத் தொடங்குபவர், மாதக் கடைசியில் கட்டணச் சீட்டில் மாற்றம் எதையும் காணாமல் சலித்து, சிக்கனமே வீண்வேலை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அதனால், எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பதோடு, குறைத்தால் எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் தங்கள் இதழில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் மின்சாரம். ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்பவர்கள்தான் சிலர். 9 வாட் எல்.இ.டி. விளக்கை ஒரு மணி நேரம் வீணாக எரியவிட்டால் ஒரு யூனிட்டில் நூற்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை. ஒரு யூனிட்டைத் தீர்க்க அது நூறு மணி நேரத்துக்கும் மேலாக எரிய வேண்டும். மாறாக, 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, இழப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 0.35 யூனிட் தேவைப்படுகிறது. அதே மின்சாரத்தைக் கொண்டு மேற்சொன்ன விளக்கை ஒன்றரை நாளுக்கும் மேல் இரவு பகலாக எரிய விடலாம். செல்பேசியின் கணக்கோ இன்னும் சிறியது: நாள்தோறும் முழுமையாகச் சார்ஜ் செய்தாலும் ஓர் ஆண்டுக்கு ஏழெட்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். இந்நிலையில், சும்மா செருகியிருக்கும் சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு, கீசரைக் காலையில் போட்டுப் பகலில் அணைக்கும் குடும்பம் சிக்கனமாக வாழ்வதாக நம்பிக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது?

விளக்கை அணைக்கச் சொல்லும் அறிவுரை இழை பல்புகளின் காலத்தில் பிறந்தது. அப்போது அது சரியான அறிவுரையாகவும் இருந்தது. 60 வாட் பல்பு தான் இழுக்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை ஒளியாக்காமல் வெப்பமாகவே வெளியேற்றிவிடும். அத்தகைய பல்பு ஒன்று இன்னும் வீட்டில் மிஞ்சியிருந்து, அது நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிகிறது என்றால், அதன் இடத்தில் 9 வாட் எல்.இ.டி.யைப் பொருத்துவது ஆண்டுக்கு 93 யூனிட்டை மிச்சப்படுத்தும். பொருத்திய பிறகு, அணைத்தாயா, அணைத்தாயா என்று பிள்ளைகளைத் துரத்தும் வேலையும் குறையும். அந்தக் குரலையும் மூச்சையும் வெந்நீர் விஷயத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாகச் சொன்னால், ஒரு வீட்டில் சூடாக்குவதும் குளிர வைப்பதுமே பெருஞ்செலவு. ஒளி தருவதும் ஒலி தருவதும் சிறு செலவு. இதை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு மற்றக் குறிப்புகளில் பாதி தேவைப்படாது. துணி துவைக்கும் இயந்திரத்தை வெந்நீர் முறையில் ஓட்டும்போது செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரைச் சூடாக்கத்தான் போகிறது. துணியைச் சுழற்றுவதற்கு ஆவது கொஞ்சமே. எனவே அழுக்கு குறைந்த அன்றாடத் துணிகளைக் குளிர்ந்த நீரில் போடுவது ஒரே விசைத் திருப்பலில் கிடைக்கும் மிச்சம். வெயிலும் காற்றும் இருக்கும்போது துணியைக் கொடியில் உலர்த்துவதும் அதே வகை. கீசர் வைத்திருப்போர், வீட்டார் அடுத்தடுத்துக் குளிப்பதாக ஒழுங்கு செய்துகொண்டு, கடைசி ஆளுக்கு முன்பே அதை அணைத்துவிட்டால், கலனில் தேங்கிக் கிடக்கும் வெந்நீர் பகல் முழுவதும் தானே ஆறி, மீண்டும் மீண்டும் சூடாவது நின்றுவிடும்.

சமையலறையில் இந்த வெப்பக் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோ ஜூல் வெப்பம் போதும். அந்த நீரை முழுவதுமாக ஆவியாக்கவோ ஏறத்தாழ 2,257 கிலோ ஜூல், அதாவது ஏழு மடங்கு, வேண்டும். பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கொதிக்கவிடும்போது எரிபொருள் எங்கே போகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். நீர் ஒருமுறை கொதித்துவிட்டால், அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதன் வெப்பநிலை ஏறப்போவதில்லை. கூடுதல் தீ முழுவதும் நீராவியாகிச் சன்னல் வழியே வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் பொருளும் அதனால் ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது. ஆகவே கொதி வந்ததும் தீயைத் தணிப்பதும், பாத்திரத்தை மூடி வைப்பதும், வேகும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுவதும் நாள்தோறும் பல முறை நிகழும் மிச்சங்கள். குக்கரின் பயனும் இதே இடத்தில்தான் இருக்கிறது: மூடிய கலத்தில் அழுத்தம் கூடுவதால் நீர் 100 டிகிரியைத் தாண்டி ஏறத்தாழ 120 டிகிரி வரை சென்று கொதிக்கிறது, உணவு விரைவில் வேகிறது. ஆனால் அழுத்தம் நிறைந்த பிறகும் தீயைக் குறைக்காமல் விசிலை எண்ணிக்கொண்டிருப்பவர், குக்கர் தந்த மிச்சத்தில் ஒரு பகுதியை ஆவியாக ஊதிவிடுகிறார். உலர்ந்த தானியங்களையும் பருப்பு வகைகளையும் முன்கூட்டியே ஊற வைப்பது, தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் எழாதபடி பார்த்துக்கொள்வது, எரிவாயு அடுப்பின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளில் அடைப்பிருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்வது ஆகியவற்றையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

ஏ.சி.யைப் பற்றி எழுதும்போது ஒரு டிகிரி கூட்டி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று சொன்னால் மனம் ஏற்கும். வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போது அறையை 20 டிகிரியில் வைத்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு 15. அதையே 25 டிகிரியில் வைத்தால் வேறுபாடு 10. சுவர், கூரை, சன்னல் வழியே உள்ளே கசியும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைவதால், கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதை வெளியேற்றும் வேலையும் அந்த அளவுக்குக் குறைகிறது. குளிர்ப் பகுதிகளில் வாழ்வோர் தங்கள் அறைச் சூடேற்றிக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். வெயில் விழும் சன்னலுக்குத் திரை போடுவதும், கதவடியில் உள்ள இடைவெளியை அடைப்பதும், வடிகட்டியில் சேரும் தூசியைக் கழுவுவதும் காசில்லாமல் செய்யக்கூடியவை. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் மேனியின் வியர்வையை ஆவியாக்கி நம்மைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சுழல்வதால் யாருக்கும் பயனில்லை. பழைய கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை (உராயும் பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார் கொண்டது) 30 வாட்டை ஒட்டியே எடுக்கிறது. நெடுநேரம் ஓடும் படுக்கையறை விசிறியை மாற்றுவதில் பொருள் உண்டு. எப்போதாவது ஓடும் விசிறியை, நல்ல நிலையில் இருக்கும்போதே, மிச்சம் பிடிப்பதற்காகக் கழற்றிப் போடுவது செலவேயன்றிச் சேமிப்பு ஆகாது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் குளிர் கசிகிறது என்று அறியலாம். கீழ்ப்பகுதி 4 டிகிரியிலும் உறைபகுதி மைனஸ் 18 டிகிரியிலும் இருந்தால் போதுமானது; அதற்கும் கீழே குளிர வைப்பதால் அன்றாடப் பயன்பாட்டில் பெரிய நன்மை இல்லை.

கருவிகள் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் குடிக்கின்றன என்பதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். எவை குடிக்கின்றன, எவ்வளவு குடிக்கின்றன என்பதில்தான் குழப்பம். ஒரு வாட் இடையறாமல் ஓராண்டு ஓடினால் 8.76 யூனிட் ஆகும் என்ற ஒரே ஒரு கணக்கு இதற்குப் போதும். புதிய தொலைக்காட்சிகளில் பல, காத்திருப்பு நிலையில் அரை வாட் அளவுக்கே எடுப்பதால், ஆண்டு முழுவதும் விட்டாலும் ஐந்து யூனிட்டை எட்டுவதில்லை. ஆனால் அதனருகே இருக்கும் செட்டாப் பெட்டி சில வீடுகளில் 10 வாட் வரை இழுத்துக்கொண்டிருக்கும். அது ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கும் மேல். பயன்படுத்தாத நேரத்தில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும் எந்தப் பெட்டியும் சந்தேகத்துக்குரியது. இன்னும் உறுதியாக அறிய வேண்டுமானால், குளிர்சாதனப் பெட்டி உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் சற்று நேரம் அணைத்துவிட்டு மின்மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அளவு ஏறினால், மறந்துபோன கருவி ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது மின்கசிவு இருக்கலாம். இரண்டாவதானால் பணத்தைவிட உயிர்ப் பாதுகாப்பு முதன்மையானது. உடனே தகுதியுள்ள மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

தண்ணீருக்கும் இதே சோதனை பொருந்தும். இரவு படுக்கப் போகும்முன் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் யாரும் குழாயைத் திறக்கும்முன் மீண்டும் பார்த்தால், இரவில் யாருமே தொடாதபோது ஓடிப்போன நீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்தும் பார்க்கலாம். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 86,400 சொட்டுகளை இழக்கிறது. சொட்டு ஒன்று கால் மில்லிலிட்டர் என்று கொண்டால் நாளுக்கு 21 லிட்டருக்கும் மேல். அதைத் தடுக்கப் பெரும்பாலும் ஒரு வாஷர் போதும். இருந்தாலும் சொட்டும் குழாயாவது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கழிப்பறைத் தொட்டியின் அடிவால்வு தேய்ந்துவிட்டால் நீர் சத்தமின்றிப் பீங்கான் சுவரோரமாக வழிந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. தொட்டி நீரில் கொஞ்சம் உணவு வண்ணம் கலந்து, அரை மணி நேரம் யாரும் விசையை அழுத்தாமல் விட்டுப் பார்த்தால், பீங்கானில் வண்ணம் இறங்கியிருக்கிறதா என்பதிலிருந்து கசிவு தெரிந்துவிடும். ஒரே அழுத்தலில் 10 லிட்டருக்கும் மேல் கொட்டும் பழைய தொட்டிக்குள் நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் புட்டியை, வால்வில் இடிக்காதபடி வைத்தால், ஒவ்வொரு முறையும் அந்த ஒரு லிட்டர் மிஞ்சும். சிலர் செங்கல்லை வைக்கச் சொல்கிறார்கள்; அது கரைந்து உதிர்ந்து வால்வை அடைக்கும் என்பதால் வேண்டாம்.

கடைச்செலவு பற்றித் தங்கள் குறிப்புகள் போதுமான அளவு சொல்லிவிட்டன. பட்டியல் எழுதிச் செல்வது, பசியோடு கடைக்குப் போகாமல் இருப்பது எல்லாம் நல்லவையே. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையைக் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று வகுத்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். வகுத்துப் பார்த்து மலிவு என்று தெரிந்தாலும், கெடுவதற்கு முன் தீர்த்துவிட முடியுமா என்ற அடுத்த கேள்வி இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவை 105 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணாகியிருக்கிறது. தலைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 79 கிலோ. உண்ண முடியாத தோலும் விதையும் எலும்பும் இந்தக் கணக்கில் அடக்கம் என்றாலும், காசு கொடுத்து வாங்கி, எரிபொருள் செலவழித்துச் சமைத்து, மின்சாரம் செலவழித்துக் குளிரில் வைத்திருந்து, இறுதியில் குப்பையில் கொட்டும் உணவுக்கு நாம் மூன்று முறை பணம் கொடுக்கிறோம். முதலில் தீர வேண்டியதைக் குளிர்சாதனப் பெட்டியின் முன்வரிசையில், கண்ணுக்கு நேரே வைப்பது என்ற எளிய ஒழுங்கு, விலைத் தள்ளுபடிகளைத் தேடி அலைவதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து. சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேறு வகை வீண். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்பது உண்மையன்று. பொட்டலத்தில் குறித்த அளவைத் தாண்டிப் போட்டால், அதை அலசி நீக்க இன்னொரு தொட்டி நீர்தான் செலவாகும்.

இனி, எந்தக் குறிப்பிலும் இடம்பெறாத ஒரு செலவைப் பற்றி. பயன்படுத்திய நீரைச் சேர்த்து வைத்து வாளி வாளியாகத் தூக்கிச் செல்லுங்கள், பழந்துணியைக் கிழித்துத் தைத்துத் துடைப்பான் செய்யுங்கள், சலவைத் திரவத்தை வீட்டிலேயே காய்ச்சுங்கள் என்றெல்லாம் எழுதும்போது, அந்த வாளியைத் தூக்குபவர் யார், அந்தத் திரவத்தைக் கிளறுபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே மிகுதியாக உழைக்கும் ஒருவர் தலையிலேயே அதுவும் விழுகிறது. அவருடைய ஒரு மணி நேரத்துக்கு விலை இல்லை என்று கருதினால்தான் இவை மிச்சமாகத் தோன்றும். இத்தகைய குறிப்புகள் எல்லாம் தங்கள் இதழின் மகளிர் பக்கத்திலேயே வெளியாவதும் இதே கருத்தின் நீட்சியாகவே எனக்குப் படுகிறது; மின்சாரத்தையும் நீரையும் வீட்டில் எல்லோரும்தான் செலவழிக்கிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றக்கூடும் என்பதால் அதைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு நல்ல குறிப்பே. ஆனால் ஒரு குழாயை நீட்டி அந்த நீர் தானாகவே ஒரு தொட்டியில் சேரும்படி ஒரு முறை அமைத்துவிடுவது, ஒருவரை நாள்தோறும் வாளி மாற்ற வைப்பதைவிடச் சிறந்தது. ஒரு முறை செய்து மறந்துவிடத்தக்க மாற்றங்கள் நிலைக்கும். நாள்தோறும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியவை சில வாரங்களில் வழக்கொழிந்து போகும்.

எனவே ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. சிக்கனக் குறிப்பு எதை வெளியிட்டாலும், அதைக் கடைப்பிடித்தால் ஆண்டுக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ மிஞ்சும் என்றும், அதற்கு எவ்வளவு நேரம் செலவாகும் என்றும் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். கணக்கிட முடியாதவற்றை அவ்வாறே சொல்லிவிடலாம், அதில் குறையில்லை. அடுத்து, இப்பகுதியை மகளிர் பக்கத்திலிருந்து எடுத்து, வீட்டிலுள்ள எல்லோர் கண்ணிலும் படும் பொதுப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இடப் பற்றாக்குறை காரணமாகப் பத்துக் குறிப்புகளுக்கும் கணக்கு எழுத இயலாது என்றால், மூன்றை மட்டும் கணக்கோடு வெளியிட்டு, மற்ற ஏழையும் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்